கத்தாரிகளின் ஊர்களுக்குக் காரில்: தென் பிரான்சுக்கு முதல்முறை போகிறவர்களுக்கு

“கத்தார் கோட்டைகளைப் பார்க்கப் போகிறோம்” என்று சொன்னதும் பெரியம்மா கேட்ட முதல் கேள்வி, “அங்கே வெயில் தாங்குமாப்பா?” அந்தக் கத்தார் வேறு, இந்தக் கத்தார் வேறு. இது தென் பிரான்சில் 12, 13ஆம் நூற்றாண்டுகளில் வாழ்ந்த ஒரு கிறித்தவப் பிரிவின் பெயர். போப் அவர்கள்மேல் 1209இல் சிலுவைப் போர் தொடுத்தார், அழித்தார்கள். வரலாறு இவ்வளவு போதும். குழப்பம் வேண்டாமென்று இனி கத்தாரிகள் என்றே எழுதுகிறேன்.

நாங்கள் போன செப்டம்பரில் ஆறு நாள் சுற்றினோம். கோட்டை ஏறியதில் பட்ட கஷ்டம் குறைவு. விசா, லைசென்ஸ், கார் கவுண்ட்டர், பெட்ரோல் பங்க் என்று மற்ற இடங்களில் பட்டதுதான் அதிகம். அதனால் கட்டுரையும் அந்த விகிதத்தில்தான் இருக்கும். சென்னையிலிருந்து கிளம்புகிறவரை மனதில் வைத்து எழுதுகிறேன். பாரிசிலோ லண்டனிலோ இருப்பவர்கள் தங்களுக்குப் பொருந்தாததைத் தாண்டிப் போகலாம்.

1. முதலில் மாதத்தை முடிவு செய்யுங்கள்

மே, ஜூன், செப்டம்பர், அக்டோபர் முதல் பாதி. இந்த நான்கில் ஒன்றைப் பிடியுங்கள்.

ஜூலை, ஆகஸ்டில் வெயில் மட்டும் பிரச்சினை இல்லை, தீயும் உண்டு. கோட்டைகள் பலவும் இருக்கிற கோர்பியேர் மலைப்பகுதியில் 2025 ஆகஸ்டில் பிடித்த காட்டுத்தீயில் சுமார் 16,000 ஹெக்டேர் எரிந்தது. தீ அபாயம் கூடும் நாட்களில் காட்டுப் பாதைகளை அரசு மூடிவிடும், சில கோட்டைகளும் அதோடு மூடும். தவிர, ஜூலை 14 தேசிய நாளன்று, நாம் முதலில் தங்கும் கோட்டை நகரமான கார்க்கசோனில் கோட்டைமேல் பெரிய வாணவேடிக்கை நடக்கும். அந்த வாரம் அறை கிடைப்பது குதிரைக்கொம்பு.

குளிர்காலத்தில் விலை குறைவு என்று ஆசைப்படாதீர்கள். ஜனவரியில் பல கோட்டைகள் மூடியிருக்கும். நவம்பர் 1 முதல் மார்ச் 31 வரை மலைப்பகுதி ஊர்களுக்குப் போகும் காரில் பனிக்கால டயர் அல்லது சங்கிலி இருக்க வேண்டும் என்று சட்டம். கடைசி நாள் ஏறும் மோன்செகூர் கோட்டைப் பக்கம் இது பொருந்தும்.

2. விசா

தென் பிரான்சின் துலூஸ் நகரில் இறங்கி அங்கிருந்தே திரும்புவதால் பிரான்ஸ் வழியாகத்தான் ஷெங்கன் விசா (ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான விசா). பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம், 15 நாளுக்குக் குறைவாக இருந்தால் முடியாது. முடிவு சொல்ல 15 நாள் என்பது கணக்கு, 45 நாள் வரை இழுக்க அவர்களுக்கு உரிமை உண்டு. ஏப்ரல், மே மாதங்களில் அப்பாயின்ட்மென்ட் கிடைப்பதே பெரும்பாடு. ஆகவே மூன்று மாதம் முன்பே வரிசையில் நில்லுங்கள்.

கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ, 6 முதல் 11 வயதுக் குழந்தைகளுக்கு 45 யூரோ, ஆறு வயதுக்குள் இலவசம். இதோடு விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் தனி. அங்கே எஸ்எம்எஸ், கூரியர், தனி அறை என்று ஒவ்வொன்றாக நீட்டுவார்கள். எதுவும் கட்டாயமில்லை.

கொடுக்க வேண்டியவை: கடந்த பத்து வருடத்துக்குள் வாங்கிய பாஸ்போர்ட் (திரும்பும் நாளுக்குப் பிறகும் மூன்று மாதம் செல்லுபடியாக வேண்டும், இரண்டு பக்கம் காலியாக இருக்க வேண்டும்), விமான முன்பதிவு, எல்லா இரவுகளுக்கும் தங்குமிடம், 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு, வங்கிக் கணக்கு விவரம், வருமான வரித் தாக்கல், அலுவலக விடுப்புக் கடிதம். தங்குமிடம் பதிவாகியிருந்தால் ஆளுக்கு நாளொன்றுக்கு 65 யூரோ, இல்லாவிட்டால் 120 யூரோ செலவுக்கு இருப்பதாகக் காட்ட வேண்டும்.

கார்ப் பயணக்காரர்கள் விழும் பள்ளம் இங்கேதான். “போகிற வழியில் எங்கே பிடிக்கிறதோ அங்கே தங்கிக்கொள்ளலாம்” என்று ஓரிரண்டு இரவுகளைக் காலியாக விடுவார்கள். விடாதீர்கள். ஒவ்வோர் இரவுக்கும் ஓர் ஊர், ஒரு முகவரி இருக்கட்டும். ரத்து செய்யக்கூடிய பதிவாகப் போடுங்கள். ஒரு பக்கத்தில் நாள், புறப்படும் ஊர், சேரும் ஊர், கிலோமீட்டர் என்று அட்டவணை போட்டு வைத்தால் கேள்வி வராது. எங்களுக்கு வரவில்லை.

பாரிசில் இருக்கிற சித்தப்பா வீட்டில் முதல் இரண்டு நாள் என்றால், அவர் தன் ஊர் நகராட்சியில் வரவேற்புச் சான்று வாங்கி அசலை அனுப்ப வேண்டும். அதற்கு 30 யூரோ முத்திரைக் கட்டணம், சில வாரக் காத்திருப்பு. இரண்டு இரவுக்காக இந்தப் பாடு வேண்டுமா என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

3. சர்வதேச ஓட்டுநர் அனுமதி

நம் லைசென்ஸ் மட்டும் போதாது. அதன் அதிகாரபூர்வ பிரெஞ்சு மொழிபெயர்ப்போ, சர்வதேச ஓட்டுநர் அனுமதியோ கூட இருக்க வேண்டும். இரண்டாவதுதான் எளிது. மத்திய அரசின் பரிவாகன் இணையதளத்தில் சாரதி பகுதியில் விண்ணப்பித்து (படிவம் 4ஏ), 1,000 ரூபாய் கட்டி, உங்கள் ஆர்டிஓ ஆபீசில் அசல் ஆவணங்களைக் காட்டினால் சாம்பல் நிறத்தில் ஒரு சிறு புத்தகம் தருவார்கள். ஒரு வருடம் செல்லும்.

விசா நகல், விமான டிக்கெட் எல்லாம் கேட்கிற அலுவலகங்கள் உண்டு. அதனால் விசா கையில் வந்த மறுநாளே இதற்கு ஓடுங்கள். கிளம்புவதற்கு மூன்று வாரமாவது இடைவெளி இருந்தால் நல்லது. இலங்கை லைசென்ஸ் வைத்திருப்பவர்கள் கொழும்பில் ஆட்டோமொபைல் அசோசியேஷனில் கேட்கலாம்.

இரண்டு எச்சரிக்கைகள். ஒன்று, இணையத்தில் டாலர் வாங்கிக்கொண்டு “சர்வதேச லைசென்ஸ்” அச்சடித்து அனுப்பும் தளங்கள் ஏராளம். அது வெறும் அட்டை, பணம் போனதுதான் மிச்சம். இரண்டு, இந்தப் புத்தகத்துக்குத் தனியாக மதிப்பில்லை, கூடவே அசல் லைசென்ஸ் கார்டும் இருக்க வேண்டும். டிஜிலாக்கரில் இருக்கிறதே என்று போனைக் காட்டினால் கவுண்ட்டரில் சிரிக்கக்கூட மாட்டார்கள்.

பிரான்சிலேயே குடியிருப்பவராக இருந்தால் கணக்கு மாறும். குடியிருப்பு தொடங்கி ஒரு வருடம் வரைதான் வெளிநாட்டு லைசென்சில் ஓட்டலாம்.

4. கார் எடுப்பது

இங்கேதான் நாங்கள் மாட்டினோம், ஆகவே கொஞ்சம் விரிவாக.

காரை என் பெயரில் இணையத்தில் பதிவு செய்திருந்தேன். கிரெடிட் கார்டு மனைவி பெயரில். துலூஸ் விமான நிலையக் கவுண்ட்டரில் இருந்த பெண் கார்டைப் பார்த்தார், என் பாஸ்போர்ட்டைப் பார்த்தார், இரண்டையும் மெதுவாக என் பக்கம் தள்ளிவைத்தார். ஓட்டுகிறவர் பெயரில் கிரெடிட் கார்டு இல்லையென்றால் கார் இல்லை. என்னிடம் இருந்த டெபிட் கார்டு செல்லாது. சரி, மனைவியை முதன்மை ஓட்டுநர் ஆக்கலாம் என்றால் அவரிடம் சர்வதேச அனுமதி இல்லை. இடைத்தரகர் தளத்தில் கட்டிய பணம் திரும்பாது, நிபந்தனைகளில் பொடி எழுத்தில் இருந்ததாம். கடைசியில் வேறொரு கவுண்ட்டரில் முழுக் காப்பீடும் வாங்கினால் டெபிட் கார்டு போதும் என்றார்கள். ஏறக்குறைய இரண்டு மடங்கு விலை. இதில் இரண்டரை மணி நேரம் போய்விட்டது.

ஆகவே:

ஓட்டுகிறவர், பதிவு செய்தவர், கார்டின்மேல் பெயர் உள்ளவர் மூவரும் ஒருவராக இருக்க வேண்டும். கார்டில் எழுத்து “கிரெடிட்” என்று இருக்க வேண்டும். முன்வைப்புத் தொகைக்கு, காரைப் பொறுத்து, 800 முதல் 1,500 யூரோ வரை கார்டில் பிடித்து வைப்பார்கள். அது செலவில்லை, ஆனால் அந்த அளவு வரம்பு காலியாக இருக்க வேண்டும். கிளம்புமுன் வங்கிச் செயலியில் வெளிநாட்டுப் பயன்பாட்டைத் திறந்துவிட்டு வாருங்கள். நான்கு இலக்க பின் எண் மனப்பாடமாக இருக்கட்டும், அங்கே கையெழுத்து எடுபடாது.

ஆட்டோமேட்டிக் வேண்டுமானால் சொல்லிப் பதிவு செய்யுங்கள். சொல்லாவிட்டால் கையில் கியர் போடும் வண்டிதான் வரும். முதல்முறை வலது பக்கம் ஓட்டுகிறவருக்கு ஆட்டோமேட்டிக்குக்குக் கொடுக்கும் கூடுதல் பணம் வீணில்லை என்பேன். எனக்கு முதல் அரைமணி நேரம் இடது கை கியரைத் தேடிப் போய்க் கதவில் இடித்துக்கொண்டே இருந்தது.

சின்ன வண்டியாக எடுங்கள். நாலு பேருக்கு நாலு பெரிய பெட்டி என்று பெரிய வண்டி எடுத்தால் கிராமத்துச் சந்துகளில் அழுவீர்கள். பெட்டியைக் குறையுங்கள். 25 வயதுக்குக் கீழ் என்றால் கூடுதல் கட்டணம் உண்டு, லைசென்ஸ் வாங்கி ஒரு வருடம் ஆகாவிட்டால் பெரும்பாலும் தரவே மாட்டார்கள்.

சாவி வாங்கியதும் வண்டியைச் சுற்றி வீடியோ எடுங்கள். சக்கர விளிம்பு, கண்ணாடி, கூரை எதையும் விடாதீர்கள். டிக்கியைத் திறந்து மஞ்சள் உடுப்பும் முக்கோணப் பலகையும் இருக்கிறதா என்று பாருங்கள், இரண்டும் சட்டப்படி வண்டியில் இருக்க வேண்டும். ஸ்டெப்னி இருக்காது, பசை நிரப்பும் பெட்டி ஒன்று இருக்கும். எந்த எரிபொருள் என்று மூடியில் எழுதியிருப்பதைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே டீசலுக்கு “காஸ்வால்” என்று பெயர். காஸ் என்றதும் பெட்ரோல் என்று நினைத்துப் போட்டவர்கள் உண்டு.

5. எங்கே தங்குவது

தினமும் அறை மாற்றாதீர்கள். மூன்று இடம் போதும். கார்க்கசோனில் இரண்டு இரவு, மலைக்கோட்டைகளை ஒட்டிய கிராமங்களான குக்குஞான் அல்லது துய்யாக்கில் இரண்டு, மிர்ப்வா என்ற சிற்றூரிலோ மோன்செகூர் அடிவாரத்திலோ ஒன்று.

கார்க்கசோனில் மதிலுக்குள் தங்க வேண்டும் என்ற ஆசை எல்லோருக்கும் வரும். விலையும் அதிகம், காரை வெளியே விட்டுப் பெட்டியைக் கல் பாவிய தெருவில் இழுக்கவும் வேண்டும். ஆற்றின் இந்தப் பக்கம் இருக்கிற கீழ் நகரத்தில் அறை எடுங்கள், பழைய பாலத்தைத் தாண்டி இருபது நிமிடம் நடந்தால் மதில். கோட்டை நகரத்துக்குள் போகக் கட்டணம் இல்லை. உள்ளே இருக்கிற அரண்மனைக்கும் மதில்மேல் நடப்பதற்கும்தான் டிக்கெட். கடைகள் மூடி, பேருந்துக் கூட்டம் கிளம்பிய பிறகு இரவு ஒன்பது மணிக்கு ஒரு நடை போய்வாருங்கள்.

எங்களுக்கு இரண்டு பேர் அறை 70 முதல் 110 யூரோவுக்குள் கிடைத்தது. கிராமங்களில் வரவேற்பு மேசை என்று ஒன்று இருக்காது, ஆறு ஏழு மணிக்குள் வந்துவிடுங்கள் என்பார்கள். தாமதமானால் போன் செய்து சொல்லுங்கள்.

6. ஜிபிஎஸ்ஸில் ஊர் பெயர்

இது சின்ன விஷயம் போலத் தெரியும், ஆனால் பாதி நாளைத் தின்றுவிடும். எழுத்துக்கும் உச்சரிப்புக்கும் சம்பந்தமே இல்லை. அரியேஜ் மாவட்டத்தின் தலைநகரான ஃப்வா என்பதை எஃப், ஓ, ஐ, எக்ஸ் என்று எழுத வேண்டும். அதைவிட மோசம், ஒரே பெயரில் பல ஊர்கள். துலூசுக்கு வடக்கே இன்னொரு மிர்ப்வா இருக்கிறது. மோன்செகூர் என்று தொடங்கும் ஊர் துரோம் மாவட்டத்திலும் உண்டு. தெர்ம் கோட்டைக்குப் போக வெறும் தெர்ம் என்று தேடினால் ஜேர் மாவட்டத்துக்கு அனுப்பிவிடும்.

அஞ்சல் குறியீட்டின் முதல் இரண்டு எண்ணைப் பாருங்கள். ஓத் மாவட்டம் 11, அரியேஜ் 09. நீங்கள் போகும் இடங்கள் அநேகமாக இந்த இரண்டில்தான். இரண்டாம் நாள் போகும் மினெர்வ் மட்டும் 34. வேறு எண் வந்தால் தப்பான ஊர். வரைபடத்தை முன்னாடியே போனில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், கோர்பியேர் பள்ளத்தாக்குகளில் சிக்னல் வரும், போகும்.

7. சாலையில்

வலது பக்கம் ஓட்டுவது ஒரு நாளில் பழகிவிடும். பழகாதது, கிராமத்துக்குள் வலப்பக்கச் சந்திலிருந்து வருகிறவருக்கு வழிவிடுவது. பலகை எதுவும் இல்லாத சந்திப்பில் வலது பக்கம் வருகிறவருக்கே முதலுரிமை, அவர் டிராக்டரில் வந்தாலும் சரி. அவர் உங்களைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் நுழைவார். மஞ்சள் வைரப் பலகை இருந்தால் உரிமை உங்களுடையது. ரவுண்டானாவில் ஏற்கெனவே உள்ளே சுற்றுகிறவருக்கு வழி.

வேகம்: ஊருக்குள் 50, இருவழிச் சாலையில் பொதுவாக 80, நெடுஞ்சாலையில் 130, மழையில் 110. ஊர்ப் பெயர்ப் பலகையே 50 தொடங்கும் இடம், தனியாக எழுதியிருக்காது. காதில் இயர்போன் மாட்டி ஓட்டுவது குற்றம். பத்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் பின் இருக்கையில்தான், அதற்கான ஆசனத்தோடு. அவசரத்துக்கு 112.

துலூஸ்–கார்க்கசோன் நெடுஞ்சாலைக்குச் சுங்கம் பத்து யூரோவுக்குள். நுழையும்போது சீட்டு எடுக்க வேண்டும், இறங்கும்போது கட்ட வேண்டும். “டி” என்ற எழுத்து மட்டும் போட்ட வழியில் நுழையாதீர்கள், அது மின்னணுச் சில்லு வைத்திருப்பவர்களுக்கு. பச்சை அம்பு போட்டது பொதுவழி.

பெட்ரோல்: ஞாயிறன்று ஆள் இருக்க மாட்டார், எந்திரம்தான். அது போடும் பணத்தைவிட அதிகமாக நூறு, நூற்றைம்பது யூரோவைக் கார்டில் பிடித்து, சில நாளில் விடும். என் கார்டை இரண்டு எந்திரங்கள் துப்பிவிட்டன. கார்க்கசோன், கியான் போன்ற பெரிய ஊரில் சூப்பர் மார்க்கெட் பங்க்கில் பாதி டேங்க் இருக்கும்போதே நிரப்பிவிடுங்கள். நடுவில் பங்க்கை எதிர்பார்க்காதீர்கள்.

8. வழித்தடம், நாள்வாரியாக

மொத்தம் ஏறக்குறைய 600 கிலோமீட்டர். கிலோமீட்டரைப் பார்த்து ஏமாறாதீர்கள். மலைச் சாலையில் மணிக்கு 45 கிலோமீட்டர் போனாலே பெரிய விஷயம். ஒரு நாளைக்கு இரண்டு கோட்டை, அதிகபட்சம். மூன்று வைத்தால் மூன்றாவதன் கதவைத்தான் பார்ப்பீர்கள், மூடுவதற்கு முக்கால் மணி நேரம் முன்பே டிக்கெட்டை நிறுத்திவிடுகிறார்கள்.

முதல் நாள்: துலூஸ், கார்க்கசோன். விமானம் இறங்கிய நாளில் வேறு எதுவும் வேண்டாம். விரல் ரேகையும் படமும் எடுக்கும் புதிய எல்லைப் பதிவு முறையால் குடிநுழைவு வரிசையும் நீளலாம்.

இரண்டாம் நாள்: காலையில் லாஸ்தூர். கார்க்கசோனிலிருந்து வடக்கே அரைமணி நேரம். ஒரே மலைமுகட்டில் நான்கு கோபுரங்கள். நுழைவு கீழே ஆற்றோரம், பழைய ஜவுளி ஆலைக் கட்டடத்தில். நான்கையும் ஏறி இறங்க இரண்டு மணி நேரம், படிகள் ஏராளம். முட்டிவலிக்காரர்கள் எதிர் மலையில் உள்ள பார்வை மேடைக்குக் காரிலேயே போகலாம், படங்களில் வரும் காட்சி அங்கிருந்து எடுத்ததுதான்.

மதியம் மினெர்வ், வளைந்து வளைந்து ஒரு மணி நேரம். வெளியூர்க் கார் ஊருக்குள் போகக் கூடாது. மேலே கட்டண நிறுத்தத்தில் விட்டுவிட்டுப் பாலத்தில் நடந்து போங்கள். இரண்டு ஆறுகள் அறுத்த பாறைத் துண்டின்மேல் ஊர் உட்கார்ந்திருக்கிறது. 1210இல் முற்றுகையிட்டவர்கள் எதிர்க்கரையில் கல்லெறி எந்திரம் வைத்துக் கிணற்றுப் பாதையை உடைத்தார்கள், தண்ணீர் இல்லாமல் ஊர் சரணடைந்தது, 140 பேரை எரித்தார்கள். கோவிலுக்கு முன்னால் ஆளுயரக் கல் ஒன்று நிற்கிறது. அதன் நடுவே புறா வடிவில் ஓர் ஓட்டை. கல்லில் புறா இல்லை, புறா இருந்த இடம் மட்டும் இருக்கிறது, அதன் வழியாக வானம் தெரிகிறது. இந்த ஆறு நாளில் என் மனைவி அழுதது அங்கே மட்டும்தான்.

மூன்றாம் நாள்: லக்ராஸ், வில்ரூஜ்-தெர்மனேஸ், குக்குஞான். லக்ராஸில் ஆற்றங்கரையில் சாப்பிடுங்கள். வில்ரூஜ் கிராமத்தின் நடுவில் இருக்கும் கோட்டையில்தான் 1321இல் கடைசிக் கத்தாரி குரு என்று அறியப்படும் கிலெம் பெலிபாஸ்தை எரித்தார்கள். இங்கே ஏற்றம் கிடையாது, பெரியவர்களோடு போகிறவர்களுக்கு ஏற்றது. தெர்ம் கோட்டையைச் சேர்க்க ஆசை வரும், நேரம் பார்த்து முடிவு செய்யுங்கள்.

நான்காம் நாள்: காலை முதல் ஆளாகக் கெரிபூஸ், பிறகு பெய்ர்பெர்த்தூஸ். இரண்டுக்கும் நடுவே கார்ப் பயணம் கால் மணி நேரம்தான். கெரிபூஸ் 728 மீட்டர் உயரத்தில் ஒற்றைப் பல் போல நிற்கிறது, மேலேயிருந்து ஒரு பக்கம் கடல், மறுபக்கம் கனிகூ மலை. பெய்ர்பெர்த்தூஸ் பெரியது, முழுதாகப் பார்க்க இரண்டு மணி நேரம். அதன் உச்சிக் கோபுரத்துக்குப் பாறையில் செதுக்கிய படிக்கட்டு இருக்கிறது. அது வழுக்கும், குழந்தையைத் தோளில் வைத்துக்கொண்டு ஏறாதீர்கள்.

இந்தப் பகுதியின் எஜமான் காற்று. தெராமொந்தான் என்று பெயர். பலமாக அடித்தால், இடி மின்னல் என்றால், இரண்டையும் மூடிவிடுவார்கள். காலையில் போன் செய்து கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். நாங்கள் இந்த ஊரில் இரண்டு இரவு வைத்ததே இதற்காகத்தான். அன்று மாலை கலமூஸ் பள்ளத்தாக்குச் சாலைக்குப் போகலாம், ஆனால் அது பாறையைக் குடைந்த ஒற்றை வண்டிப் பாதை. கோடையில் போக்குவரத்தைக் கட்டுப்படுத்துவார்கள். எதிரே வண்டி வந்தால் பின்னோக்கி ஓட்டத் தெரிய வேண்டும். தெரியாதவர்கள் நுழையவே வேண்டாம், சுற்றுவழி இருக்கிறது.

ஐந்தாம் நாள்: புய்லோரான்ஸ், கியான், புய்வேர் வழியாக மேற்கே. புய்லோரான்ஸ் கார் நிறுத்தத்திலிருந்து இருபது நிமிட ஏற்றம், மர நிழலில். புய்வேரில் இசைவாணர்களைச் செதுக்கிய ஓர் அறை உண்டு. சோர்ந்திருந்தால் இரண்டில் ஒன்றை விட்டுவிடுங்கள், நாங்கள் புய்வேரை விட்டோம்.

ஆறாம் நாள்: காலை மோன்செகூர். உயரம் 1207 மீட்டர். 1243 மே முதல் 1244 மார்ச் வரை முற்றுகை, மார்ச் 16 அன்று இருநூறுக்கும் மேற்பட்டவர்களை எரித்தார்கள். கார் நிறுத்தத்திலிருந்து புல்வெளியைத் தாண்டி அரைமணி நேரம் செங்குத்தான ஏற்றம், பனி விழுந்த காலையில் கல் ஈரமாக இருக்கும். ஏறி முடித்ததும் ஓர் ஏமாற்றம் காத்திருக்கும். இப்போது நிற்கிற சுவர்கள் கத்தாரிகள் கட்டியவை இல்லை, அவர்களுக்குப் பிறகு வந்த பிரபுக்களுடையவை. பெய்ர்பெர்த்தூஸ், கெரிபூஸ், புய்லோரான்ஸும் அப்படித்தான், இப்போது பார்ப்பதில் பெரும்பகுதி பிரெஞ்சு அரசரின் எல்லைக் காவல் கோட்டைகள். அதனால்தான் கோட்டை எண்ணிக்கையைக் குறைத்து மினெர்வ், வில்ரூஜ் போன்ற ஊர்களில் நேரத்தைப் போடுங்கள் என்கிறேன். இறங்கி, மிர்ப்வாவில் மரத்தூண் தாழ்வாரத்தில் ஒரு காபி. திங்கட்கிழமையானால் சந்தை. அங்கிருந்து துலூஸ் ஒன்றரை மணி நேரம்.

9. டிக்கெட், காலணி, சாப்பாடு

கோட்டைக்கு ஆளுக்கு ஏழு முதல் பத்து யூரோ என்று கணக்கு வையுங்கள். கார்க்கசோன் அரண்மனை அதைவிட அதிகம். முதல் டிக்கெட் கவுண்ட்டரிலேயே பல தளங்களுக்குச் சேர்த்துச் சலுகை அட்டை உண்டா என்று கேளுங்கள். சில்லறையாக 40 யூரோ கையில் இருக்கட்டும்.

செருப்பு வேண்டாம். சேலை கட்டி ஏறலாமா என்று ஓர் அக்கா என்னிடம் கேட்டார். லாஸ்தூரில் ஏறலாம், கெரிபூஸ் காற்றில் முடியாது. தண்ணீர் கீழேயே நிரப்பிக்கொள்ளுங்கள், மேலே கடை இல்லை.

சாப்பாட்டு நேரம் பகல் 12 முதல் 2 வரை. 2.10க்குப் போனால் சமையலறை மூடியிருக்கும், கெஞ்சிப் பயனில்லை. ஞாயிறு மாலையும் திங்களும் கிராமக் கடைகள் பெரும்பாலும் பூட்டு. காலையிலேயே ரொட்டிக்கடையில் நீள ரொட்டியும், பாலாடைக்கட்டி, தக்காளியும் வாங்கிக் காரில் போட்டுக்கொள்வதே பாதுகாப்பு. ஊறுகாய் பாட்டில் எடுத்துப் போனோம், கைகொடுத்தது.

சைவர்களுக்கு: கசூலே என்பது வெள்ளை மொச்சை போன்ற பயற்றுக் குழம்பு மாதிரி இருக்கும், உள்ளே வாத்தும் பன்றித் தொத்திறைச்சியும். சாலட்டில்கூடப் பன்றித் துண்டு தூவுவார்கள். “இறைச்சி வேண்டாம்” என்றால் போதாது, பன்றி, கோழி, வாத்து, மீன் என்று ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள். கத்தாரி குருமார்கள் இறைச்சி, முட்டை, பால் எதுவும் தொடாதவர்கள். அந்த ஊரிலேயே சைவச் சாப்பாட்டுக்கு இவ்வளவு அலைய வேண்டியிருக்கிறது.

10. காரைத் திருப்பிக் கொடுக்கும்போது

விமானத்துக்கு மூன்று மணி நேரம் முன்பு. டேங்க்கை நிரப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள், எரிபொருள் முள்ளையும் கிலோமீட்டரையும் ஒரே படத்தில் எடுங்கள். எங்களுக்கு மொத்த எரிபொருள் செலவு 70 யூரோவுக்குள் முடிந்தது. ஆள் வந்து வண்டியைப் பார்த்து, சேதமில்லை என்று எழுதித் தரும்வரை நகராதீர்கள். பெட்டியில் சாவியைப் போட்டுவிட்டுப் போங்கள் என்றால் மறுபடி சுற்றி வீடியோ.

பிடித்து வைத்த தொகை எனக்கு ஒன்பது நாள் கழித்து வந்தது. கதை அதோடு முடிந்தது என்றிருந்தேன். இரண்டு மாதம் கழித்து ஒரு மின்னஞ்சல்: லவெலானே பக்கம் 80இல் 86. அபராதம் 68 யூரோ, சீக்கிரம் கட்டினால் 45. கூடவே, என் முகவரியைப் போலீசுக்குக் கொடுத்ததற்காக வாடகை நிறுவனம் தனியாக ஒரு கட்டணத்தைக் கார்டில் எடுத்திருந்தது. அபராதத்தை அன்றே இணையத்தில் கட்டினேன். நீங்களும் திரும்பி வந்து மூன்று மாதம் வரை அந்த மின்னஞ்சல் பெட்டியைப் பார்த்துக்கொண்டே இருங்கள், ஸ்பேம் உட்பட.